கேனன் 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ்: ஸ்டிரிப் ஹோட்டல்களிலும் சம்மர்லின் வீடுகளிலும்

கேசினோ ஹோட்டலைப் படமெடுக்கக் கூப்பிடுகிறவர்களும் சரி, புதுக் குடியிருப்பு கட்டி விற்கிறவர்களும் சரி, முதலில் கேட்பது ஒன்றுதான்: கட்டடம் நேராக நிற்க வேண்டும். லாஸ் வேகஸில் எனக்குச் சோறு போடுவது இந்த இரண்டு வேலைகள். ஒரு நாள் ஸ்டிரிப்பில், அதாவது கேசினோ ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் பெருஞ்சாலையில், அறுபது மாடி கோபுரம், மறுநாள் பக்கத்து ஊரான ஹெண்டர்சனில் இரண்டு மாடி மாடல் வீடு. இரண்டுக்கும் பையில் முதலில் ஏறுவது கேனன் டிஎஸ்-ஈ 24 மி.மீ. எஃப்3.5 எல் லென்ஸின் இரண்டாம் பதிப்பு. 2009-இல் வந்தது. அதற்குப் பிறகு கேமரா உடலை எத்தனையோ பேர் மாற்றிவிட்டார்கள், இந்த லென்ஸை மாற்றியவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்தில் குறைவு. கட்டடப் படம் எடுத்துப் பிழைக்க நினைக்கும் எவருக்கும் இதை வாங்கச் சொல்வேன். ஏன் என்பதையும், எங்கே இது கைவிடும் என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் இது என்ன செய்கிறது என்று பார்ப்போம். சாதாரண லென்ஸில் உயரமான கட்டடம் அடங்க வேண்டுமானால் கேமராவை அண்ணாந்து பிடிக்க வேண்டும். அண்ணாந்தவுடன் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றை ஒன்று நெருங்கும், கட்டடம் பின்னால் சாய்வதுபோலத் தெரியும். ஷிஃப்ட் லென்ஸில் கேமரா மட்டமாகவே இருக்கும், லென்ஸை மட்டும் அதன் தளத்தில் மேலே நகர்த்துவோம். முழு ஃபிரேம் சென்சாரை, அதாவது படம் பதியும் 36க்கு 24 மி.மீ. தகட்டை, மூட 43 மி.மீ. விட்டமுள்ள ஒளிவட்டம் போதும். இந்த லென்ஸ் 67.2 மி.மீ. வட்டம் தருகிறது. அந்த அதிகப்படி இடத்தில்தான் மேலும் கீழும், இடமும் வலமும் 12 மி.மீ. வரை நகர முடிகிறது. மதுரையில் என் பெரியப்பாவின் ஸ்டுடியோவில் துருத்தி வைத்த மரக் கேமரா ஒன்று இருந்தது. அதன் முன்பலகையை உயர்த்தித்தான் அவர் கோபுரங்களை எடுப்பார். அதே வேலையைக் கைக்கு அடங்கும் 780 கிராமில் செய்கிறார்கள்.

வேலைக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுக்கொள்வேன். கேமராவை நிமிர்த்திப் பிடித்து, அதாவது போர்ட்ரெய்ட் வாக்கில், முழு 12 மி.மீ. மேலே ஏற்றினால் தூரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு உயரம் படத்தில் அடங்கும். படுக்கை வாக்கில் வைத்தால் தூரமும் உயரமும் சமம். வின் லாஸ் வேகஸ் கோபுரம் 187 மீட்டர். நிமிர்த்திப் பிடித்தால் 150 மீட்டர் தள்ளி நின்றால் உச்சி உள்ளே வந்துவிடும். 2023 டிசம்பரில் திறந்த ஃபோன்டன்புளோ 67 மாடி, 225 மீட்டரை ஒட்டிய உயரம். அதற்கு 180 மீட்டர் வேண்டும். ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைச் சொன்னால் சட்டென்று பிடிபடும்: அது ஏறக்குறைய 52 மீட்டர், 42 மீட்டர் தூரம் கிடைத்தால் போதும். மேப்பைப் பார்த்து எங்கே முக்காலி வைக்கலாம் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட முடிகிறது. ஸ்டிரிப்பில் இது பெரிய விஷயம், ஏனென்றால் நடைபாதையில் முக்காலி வைத்துக்கொண்டு இடம் தேடி அலைந்தால் யாராவது ஒரு காவலாளி வந்து விசாரிப்பார்.

ஆனால் முழு 12 மி.மீ. ஏற்றுவதை நான் கூடியவரை தவிர்க்கிறேன். அவ்வளவு ஏற்றினால் கோபுரத்தின் தலை கனத்து, மேல் மாடிகள் இழுத்து நீட்டியதுபோல ஆகிவிடும். நம் கண்ணும் உயரமான கட்டடம் மேலே கொஞ்சம் ஒடுங்குவதைப் பார்த்துப் பழகியது. அதனால் இன்னும் தள்ளி நின்று 8 அல்லது 9 மி.மீ. மட்டும் ஏற்றி, கேமராவை ஒரு டிகிரி போல மேலே சாய்த்துவிடுவேன். கோடுகள் கணக்குப்படி நேராக இருக்காது, கண்ணுக்கு நேராக இருக்கும். பக்கத்தில் வண்டி நிறுத்தும் பல மாடிக் கட்டடம் இருந்தால் இன்னும் நல்லது. அதன் மேல்தளத்துக்குப் போய்விட்டால் ஏற்ற வேண்டிய அளவே பாதியாகக் குறையும். ட்ரோன் இருக்கிறதே என்று கேட்பார்கள். ஹாரி ரீட் விமான நிலையம் ஸ்டிரிப்புக்கு ஒட்டினாற்போல இருக்கிறது, அங்கே பறக்கவிட அனுமதி வாங்குவது எளிதல்ல. வாகன நிறுத்தத்தின் மொட்டை மாடிதான் எங்கள் ட்ரோன்.

லக்ஸர் ஹோட்டல் மட்டும் தனிக் கதை. 1993-இல் திறந்த பிரமிட் அது, சுவர்களே 39 டிகிரியில் சரிகின்றன. அண்ணாந்து எடுத்தால் பிரமிட் குட்டையாகவும் அகலமாகவும் நசுங்கிப்போகும், பார்ப்பவருக்கு எதனால் என்று புரியாது. மட்டமாக வைத்து ஷிஃப்ட் செய்தால்தான் அந்தக் கோணம் கோணமாகவே வரும். நேர்கோட்டுக் கட்டடத்தில் தப்பு உடனே கண்ணில் படும், சரிவான கட்டடத்தில் படாது. ஆகவே இங்கே லென்ஸின் அருமை இன்னும் அதிகம்.

ஸ்டிரிப் ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. மேற்குப் பக்க ஹோட்டல்களுக்குக் காலை வெயில், கிழக்குப் பக்கத்துக்கு மாலை வெயில். பெல்லாஜியோவின் முகம் கிழக்கே பார்ப்பதால் அந்தியில் அதன் பின்னால் வானம் நீலமாக நிற்கும், முன்னால் நீரூற்றுகள். வணிகப் படங்களில் பாதி இந்த அந்தி நேரத்தில்தான் எடுக்கிறோம். வானத்தின் ஒளியும் அறை விளக்குகளின் ஒளியும் சமமாகும் நேரம் இருபது நிமிடத்தைத் தாண்டாது. அந்த அவசரத்தில் ஷிஃப்ட் திருகைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது, முன்பே எல்லாம் அமைத்துப் பூட்டிவிட வேண்டும். இந்த லென்ஸில் பூட்டு உறுதியாகப் பிடிக்கிறது. கேமராவின் எடை லென்ஸை இழுத்து மெல்ல நழுவச் செய்வது பழைய ஷிஃப்ட் லென்ஸ்களின் நோய். இதில் பூட்டை இறுக்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளி மறைப்பு, அதாவது ஹூட், ஷிஃப்ட் செய்தவுடன் பயனில்லாமல் போகிறது. வேகஸில் படத்தின் சட்டத்துக்கு வெளியே எந்தப் பக்கம் பார்த்தாலும் எல்ஈடி பலகை. அந்த ஒளி லென்ஸின் முகத்தில் விழுந்து படம் வெளுக்கும். எப்போதும் ஒரு கறுப்பு அட்டையைக் கையில் வைத்து மறைத்துக்கொண்டே எடுக்கிறேன். 2023 செப்டம்பரில் ஸ்பியர் திறந்த பிறகு இன்னொரு தொல்லை. 366 அடி உயர உருண்டை, அதன் வெளிப்புறம் முழுக்கத் திரை. அது நிறம் மாற்றும்போதெல்லாம் அக்கம்பக்கத்து ஹோட்டல் ஜன்னல்களும் நிறம் மாறுகின்றன. மூன்று எக்ஸ்போஷர், அதாவது ஒரே காட்சியை மூன்று ஒளி அளவில், எடுத்து ஒன்றுசேர்க்கலாம் என்றால் மூன்றும் மூன்று நிறத்தில் வந்து நிற்கும். இதற்கு எந்த லென்ஸும் மருந்தாகாது. ஸ்பியர் வெள்ளையாகவோ இருட்டாகவோ ஆகும் நொடிக்குக் காத்திருப்பதுதான் வழி.

இனி கேசினோ தளம். இந்த லென்ஸ் தன் விலையைத் திருப்பிக் கொடுப்பது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். பொதுவாக அதிகாலை மூன்று, நான்கு மணிக்குத்தான் நம்மை உள்ளே விடுவார்கள். பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி ஆள் இருந்துகொண்டே இருப்பார். வாடிக்கையாளர் முகம் வரக் கூடாது, காசு மாற்றும் கேஜ் வரக் கூடாது, கூரையில் இருக்கும் கண்காணிப்புக் கேமரா உருண்டைகள் வரக் கூடாது. கூரை வேண்டாம் என்று கேமராவைக் கீழே சாய்த்தால் ஸ்லாட் மெஷின்கள் எல்லாம் வெளிப்பக்கமாகச் சரிந்து விழுவதுபோல ஆகும். நான் முக்காலியை இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, கேமராவை மட்டமாக வைத்து, லென்ஸைக் கீழே இறக்குகிறேன். மெஷின் வரிசைகளின் தலைக்கு மேலிருந்து பார்வை ஓடும், கம்பளத்தின் கோலம் முழுசாகத் தெரியும், கூரை தானாகவே சட்டத்தை விட்டு வெளியேறும், மெஷின்கள் நேராக நிற்கும். பெரும்பாலானவர்கள் இந்த லென்ஸை மேலே ஏற்றத்தான் வாங்குகிறார்கள். எனக்குக் கீழே இறக்குவதில்தான் அதிக வேலை நடக்கிறது.

மெஷின் திரைகள் துடிக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் திரைகளில் பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டர், அரை நொடியை ஒட்டிய எக்ஸ்போஷர், லென்ஸ் துவாரம் எஃப்8. திரைகள் வெளுத்துப்போகாமல் இருக்க அவற்றுக்கென்று குறைந்த ஒளியில் தனியாக ஒன்று எடுத்துச் சேர்த்துக்கொள்வேன்.

லாபிகளில் தலைகீழ். அங்கே கூரைதான் விஷயம். பெல்லாஜியோ லாபிக் கூரையில் டேல் சிஹுலி செய்த கண்ணாடிப் பூக்கள் தொங்குகின்றன, 1998-இல் ஹோட்டல் திறந்தபோதே வைத்தவை, இரண்டாயிரம் பூக்களை ஒட்டி இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் தூண்களும் நேராக இருக்க வேண்டும், கூரையும் தெரிய வேண்டும் என்றால் ஷிஃப்டைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. அறைகளில் இன்னொரு பயன் இருக்கிறது. ஸ்வீட் குளியலறைகளில் சுவர் அகலக் கண்ணாடி இருக்கும், நேரே நின்றால் நாமும் முக்காலியும் அதில் தெரிவோம். ஒரு பக்கமாகத் தள்ளி நின்று லென்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கண்ணாடிக்கு நேர் எதிரே நின்று எடுத்ததுபோலவே படம் வரும், நாம் வரமாட்டோம். ஃபோட்டோஷாப்பில் உட்கார்ந்து ஆளை அழிக்கும் வேலை மிச்சம்.

சரி, ஸ்டிரிப்பை விட்டு மேற்கே போவோம். சம்மர்லின் 22,500 ஏக்கர். ஹோவர்ட் ஹியூஸ் 1950-களின் தொடக்கத்தில் வாங்கிப்போட்ட பாலைநிலம், அவருடைய பாட்டியின் குடும்பப் பெயர்தான் ஊரின் பெயர். 1990-இல் குடியிருப்பாக வளரத் தொடங்கி இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே கட்டடம் உயரமில்லை, 3, 4 மி.மீ. ஏற்றினால் போதும். அந்த நாலு மில்லிமீட்டர்தான் முன்பக்கம் தார்ச்சாலை குறைந்து கூரையும் வானமும் கூடுவதற்கு உதவுகிறது. தெருவில் நின்று எடுக்கும் வீட்டுப் படத்தில் மூன்றில் ஒரு பங்கு சாலையாக இருந்தால் யாரும் அதைச் சுவரொட்டியில் போடமாட்டார்கள்.

சம்மர்லின் விளம்பரங்களின் உயிர் பின்னால் தெரியும் ரெட் ராக் மலைதான். அந்தப் பாறைச்சுவர் கிழக்கே பார்க்கிறது. ஆகவே காலையில் சிவந்து எரியும், மாலையில் வெறும் கருநிழல். வீட்டுக்காரர்கள் மாலையில் வாருங்கள் என்பார்கள், நான் காலைதான் கேட்பேன். லென்ஸைக் கொஞ்சம் ஏற்றினால் வீட்டின் சுவர் சாயாமலே மலை முழுசாக உள்ளே வருகிறது. 14 மி.மீ. போன்ற மிக அகலமான லென்ஸில் மலை குன்றாகிப்போகும், வீட்டின் வாகனக் கொட்டகை மட்டும் பூதாகரமாகத் தெரியும். 24 மி.மீ. இந்த விஷயத்தில் நியாயமான இடம்.

நியாயம் என்று சொன்னதை விளக்க வேண்டும். கலிபோர்னியாவிலிருந்தோ அதைவிடத் தொலைவிலிருந்தோ படத்தை மட்டும் பார்த்து முன்பணம் கட்டுகிற குடும்பங்கள் இங்கே நிறைய. நம் தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு. ஒரு கட்டுநர் என்னிடம் படுக்கையறையை 14 மி.மீ.இல் எடுத்து இழுத்துக் காட்டச் சொன்னார், நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பத்துக்குப் பத்து அறை பத்துக்குப் பத்தாகத்தான் தெரிய வேண்டும். வந்து இறங்கும் நாளில் கட்டில் போட இடமில்லாமல் நிற்கப்போவது அவர்கள்தான். கேசினோ படத்தில் மினுக்கு இருக்கலாம், அங்கே வருகிறவர் இரண்டு நாளில் போய்விடுவார். வீட்டுப் படத்தில் அளவு மாறக் கூடாது. ஷிஃப்ட் லென்ஸ் இந்த நேர்மைக்குத் துணை நிற்கிறது: கதவின் மூலைக்கு ஒதுங்கி, பக்கவாட்டில் நகர்த்தி, அறையின் உண்மையான விகிதத்தைக் காட்டலாம்.

இதோடு சேர்த்து ஒன்று. நெவாடாவில் 2021-இல் ஒரு சட்டம் வந்தது. சாலை நடுத்திட்டு, குடியிருப்பின் நுழைவாயில், அலுவலக முகப்பு ஆகியவற்றில் அழகுக்கு மட்டும் இருக்கும் புல்லுக்குக் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் 2027 தொடக்கத்திலிருந்து கிடையாது. தனிவீட்டுத் தோட்டங்களுக்கு இது பொருந்தாது. நுழைவாயில்களில் புல்லை எடுத்துவிட்டுக் கல்லும் கற்றாழையும் வைக்கிறார்கள். பச்சைப்பசேல் என்று பழைய படத்தை வைத்து விற்பது இனிச் சரியில்லை. அந்த நுழைவாயில்களைப் புதிதாக எடுக்கும் வேலை இப்போது நிறைய வருகிறது. நீளமான நுழைவாயிலுக்கு இந்த லென்ஸில் ஒரு வசதி இருக்கிறது. கேமராவைப் படுக்கையாக வைத்து இடமும் வலமும் 12 மி.மீ. நகர்த்தி எடுத்துச் சேர்த்தால் 60க்கு 24 மி.மீ. அளவு சென்சாரில் எடுத்ததற்குச் சமம். நிமிர்த்தி வைத்து அதையே செய்தால் 48க்கு 36. கேனன் ஈஓஎஸ் ஆர்5 கேமராவில் அது 89 மெகாபிக்சலை ஒட்டி வரும். கேமராவைச் சுழற்றாமல் நகர்த்துவதால் கோடுகள் வளைவதில்லை, சேர்ப்பதும் எளிது. விமான நிலையச் சுவரளவு அச்சுக்கும் தாங்கும்.

டில்ட், அதாவது லென்ஸை மட்டும் சாய்ப்பது, பற்றிச் சுருக்கமாக. 8.5 டிகிரி வரை சாய்க்கலாம், எனக்கு ஒரு டிகிரிக்கு மேல் தேவைப்பட்டதே அபூர்வம். கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்வு தரை முழுவதையும் கூர்மையாக்கும், நீச்சல் குளத்தின் விளிம்பிலிருந்து எதிர்க்கோபுரத்தின் அடி வரை. முழு டில்ட் போட்டு மேலிருந்து குடியிருப்பைப் பொம்மை ஊர்போல எடுக்கும் மோகம் ஒன்று உண்டு. எனக்கு அதில் விருப்பம் இல்லை. ஒருவர் முப்பது வருடக் கடனில் வாங்கப்போகும் வீட்டைப் பொம்மையாகக் காட்டக் கூடாது.

மென்பொருளில் சரிசெய்ய முடியாதா என்று கேட்பவர்களுக்கு: முடியும், லைட்ரூமில் ஒரு பொத்தான்தான். இரண்டு மாடி வீட்டுக்கு அது பரவாயில்லை. உயரக் கட்டடத்தில் மேல்பகுதியை மென்பொருள் இழுத்து நீட்டுகிறது. அங்கே இல்லாத பிக்சலை அது கற்பனை செய்து நிரப்ப வேண்டும், ஓரங்களும் வெட்டுப்படும். அதைவிடப் பெரிய காரணம், இடத்தில் நிற்கும்போதே சட்டம் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். கூடவே நிற்கும் ஹோட்டல்காரரிடம் திரையைக் காட்டி, இந்தக் கொடி உள்ளே வரட்டுமா என்று கேட்டு அங்கேயே முடிக்கலாம். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் கொடி வெட்டுப்பட்டது அப்போதுதான் தெரியும்.

குறைகள் இருக்கின்றன. தூசி, ஈரத் தடுப்பு கிடையாது. வசந்தகாலக் காற்றில் இந்த ஊர் மணல் நகரும் பாகங்களுக்குள் புகும். ஹோட்டல் அறையில் தரும் குளியல் தொப்பியை லென்ஸுக்கு மாட்டிவிடுகிறேன். 2024 ஜூலை 7 அன்று இங்கே 120 ஃபாரன்ஹீட், இந்த ஊரின் உச்சபட்சப் பதிவு. அப்படிப்பட்ட வெயிலில் உலோக உடலைத் தொட முடியாது, கோடையில் விடியலுக்கு முன்பே வெளி வேலையை முடித்துவிட வேண்டும். ஆட்டோஃபோகஸ் இல்லை. எவ்வளவு ஷிஃப்ட் செய்தோம் என்பது கோப்பில் பதிவாவதில்லை, நான் ஒவ்வொரு படத்துக்கும் அளவுகோலைப் போனில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். துவாரத்தை எஃப்3.5-க்கு முழுசாகத் திறந்து முழுக்க நகர்த்தினால் ஓரம் இருளும், எஃப்8-க்குச் சுருக்கினால் தீரும். பழைய எஸ்எல்ஆர் உடலில் ஷிஃப்ட் செய்த பிறகு மீட்டர் தப்பாகக் காட்டும், முன்பே அளந்து வைக்க வேண்டும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்ததும் அந்தச் சிக்கல் போயிற்று. ஈஎஃப் அடாப்டர் என்ற இணைப்பு வளையம் வழியாகக் கேனனின் மிரர்லெஸ் ஆர் உடல்களில் அழகாக உட்காருகிறது, திரையைப் பெரிதாக்கி மூலை வரை ஃபோகஸ் பார்க்கலாம்.

இதோடு 2009-இலேயே வந்த 17 மி.மீ. அண்ணனையும் கேட்பீர்கள். நெருக்கடியான இடத்தில் அது காப்பாற்றும், ஆனால் முகக் கண்ணாடி புடைத்திருப்பதால் முன்னால் ஃபில்டர் மாட்ட முடியாது. 24-இல் 82 மி.மீ. ஃபில்டர் சாதாரணமாகப் போகும், நீச்சல் குளத்தின் பளபளப்பை அடக்க போலரைசர் எனக்கு அவசியம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 24. முதல் பதிப்பு, 1991-இல் வந்தது, மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். அதில் டில்ட், ஷிஃப்ட் திசைகளை மாற்ற வேண்டுமானால் திருகுகளைக் கழற்றிப் பூட்ட வேண்டும். இரண்டாம் பதிப்பில் இரண்டும் தனித்தனியாகச் சுழலும், விரலால் தள்ளினால் போதும்.

புதிதாக வாங்கினால் இரண்டாயிரம் டாலரை ஒட்டிய விலை. முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து உங்கள் வேலைக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். பிடித்துப்போய்ப் பழையது வாங்கினால் கடையிலேயே மூன்று காரியம் செய்யுங்கள். ஷிஃப்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டிப் பாருங்கள், நடுவில் கரகரவென்று மணல் அரைக்கும் சத்தம் வந்தால் வேண்டாம். பூட்டை இறுக்கிவிட்டு, கேமராவை மட்டமாகப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள், நழுவக் கூடாது. பிறகு எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து ஒரு செங்கல் சுவரை நேர் எதிரே நின்று எடுத்து, நான்கு மூலையும் ஒரே கூர்மையில் இருக்கின்றனவா என்று அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால், கீழே விழுந்த லென்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம், விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.